பெட்டி அண்ணாவின் இரண்டு இழைகள்

பிரிந்தது சேரும் என்று பெட்டி அண்ணாவைப் போல நம்பிய ஆள் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கிடையாது. பொத்தேரியில் நானும் அவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி வேலை. அவருக்கு ஆராய்ச்சி.

ஆராய்ச்சி என்றால், டிஎன்ஏவில் முறுக்கிக்கொண்டிருக்கும் இரண்டு இழைகளைச் சூடாக்கிப் பிரிப்பது, பிறகு மெல்ல ஆறவைத்துச் சேர்ப்பது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். சூடும் கணக்கு, தண்ணீரும் கணக்கு. ஆனாலும் மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர் மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். மிக்ஸி போட்டால் வோல்டேஜ் இறங்கும் என்று எங்கள் வீட்டில் சட்னிக்கே தடை. யார் வந்தாலும், "மெதுவா பேசுங்க, ஆறிக்கிட்டிருக்கு" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் சாம்பார் என்று நினைத்துக்கொண்டார்.

இழைகள் மிதப்பது கணக்கில் கட்டிய ஒரு பெட்டிக்குள். அதற்கு ஒரு விதி. ஒரு சுவர் வழியாக வெளியே போனது எதிர்ச்சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். "இந்தப் பெட்டில யாருமே தொலைஞ்சு போக முடியாது தம்பி" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித்தான் அந்தப் பெயரை வாங்கினார்.

திங்கட்கிழமை ஆராய்ச்சிக் கமிட்டி கூடுகிறது. இழைகள் சேரவில்லை என்றால் உதவித்தொகை நின்றுவிடும் என்று அவருடைய கைடு, ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர், சொல்லியிருந்தார். ஞாயிறு காலை திரையைப் பார்த்தால், ஓர் இழை இந்த ஓரத்தில், மற்றது அந்த ஓரத்தில்.

அண்ணா அழவில்லை. சட்டையை மாட்டினார். "சேரல தம்பி. கைடு வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பறேன்."

முன்கதவு வழியாகப் போய்விட்டார். நான் வாசலைப் பார்த்து, "அண்ணா, சாப்டுட்டாவது போங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"வெளி கேட் பூட்டியிருக்கு" என்று முதுகுக்குப் பின்னால் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹவுஸ் ஓனர் அக்கா சர்ச்சுக்குப் போகும்போது வழக்கம்போலப் பூட்டிவிட்டார். அண்ணா வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே உள்ள சந்து வழியாகச் சுற்றிப் பின்கதவால் உள்ளே வந்திருக்கிறார். சாவி கேட்க வந்தவர் முன்கதவையும் பின்கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நான் இப்ப எப்படி உள்ள வந்தேன்?"

"பின்பக்கமாத்தான்."

"அப்ப நான் எங்கயும் போகல?"

"எங்க போனீங்க? இங்கதான நிக்கறீங்க."

திரைக்கு ஓடினார். இழைகள் எப்போதோ சேர்ந்துவிட்டிருந்தன. சேர்ந்தபடியே நகர்ந்ததில் ஒன்று சுவரைத் தாண்டியிருந்தது. விதிப்படி திரை அதை எதிர்ப்பக்கத்தில் காட்டியது. அந்த விதியை ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் அதிலேயே ஏமாந்திருந்தார். படத்தைச் சற்று நகர்த்தினார். இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நின்றன. அப்போதுதான் அழுதார். அன்றைக்குச் சட்னி அரைக்க எனக்கு அனுமதி கிடைத்தது.

பட்டம் வாங்கி, பக்கத்திலேயே வாத்தியார் வேலைக்குப் போனார். வீட்டை மட்டும் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று முன்கதவு வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. அந்த மனிதர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

காரியமெல்லாம் முடிந்து வந்து முன்கதவைச் சாத்தினேன். பின்கதவைத் தாழ் போட இன்னும் மனசு வரவில்லை.