சம்பந்தி, அது குழாய் அல்ல, நார்!

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே முழங்கால்கள் உட்பட அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. சம்பந்தம் பேசிய அன்று, "பொண்ணு கார்பன் நானோ குழாய் செய்யுது" என்று தாங்கள் சொன்னீர்கள். ஆயுள் முழுக்கக் குழாய்க்கடை நடத்தியவனுக்கு வேறென்ன வேண்டும்? நம்ம தொழில்காரப் பெண் என்று உச்சி குளிர்ந்து, "அரை இஞ்சா, முக்கால் இஞ்சாம்மா?" என்று கேட்டேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், கல்யாணமே முடிந்துவிட்டது. பிறகு தெருவில் ஒருவர் விடாமல் நான் பெருமையடித்ததில், மாடிவீட்டுக்காரர் வாளியும் கையுமாக வந்து, "உங்க மருமக குழாய்ல பெரிய ஆளாமே, பாத்ரூம்ல ஒழுகுது, கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க" என்று நிற்க, அவள் தலையில் கைவைத்துக்கொண்டு, "மாமா, நான் செய்யறது குழாயே இல்ல, நார்!" என்று போட்டாளே ஒரு போடு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பாத்திரம் தேய்க்கிற நாராம்மா?" என்றேன். என்னை உட்காரவைத்து, ஒரு தாளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் சுருட்டினாள். ஒரே அணு கனமுள்ள கார்பன் தாள் இப்படி ஒட்டுத் தெரியாமல் உருண்டால் அது நானோ குழாயாம். உள்ளே காலி, நீளவாக்கில் அசுர பலம், மின்சாரமும் தாராளமாக ஓடுமாம். அடுத்து, காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அது நானோ நார். தாள்கள் சாய்ந்து சாய்ந்து அடுக்கியிருக்க, விளிம்பெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாரே தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதானாம், குழாய் அதைவிடச் சன்னமாம்.

"அப்ப நார் மட்டமாம்மா?"

"பலம் கம்மிதான் மாமா. ஆனா செய்யறது சுலபம், செலவும் கம்மி. பிளாஸ்டிக்கோட கலந்தா அந்த விளிம்புங்க நல்லாப் பிடிச்சுக்கும். குழாய் வழவழன்னு இருக்கும், லேசுல எதுவும் ஒட்டாது."

சம்பந்தி, வழவழப்பான பைப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் பசை போடவேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? இவள் செய்வதோ பிறக்கும்போதே தேய்த்துவைத்த சரக்கு! அசந்துபோய்விட்டேன். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும், ஆய்வுக்கூட உலையில் இன்று என்ன வளர்ந்தது, எது கருகியது என்று என்னிடம்தான் முதலில் சொல்கிறாள். என் மகன் எதைக் கேட்டாலும், "உங்களுக்குப் புரியாதுப்பா" என்பான். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது வெளியூரில் குழாய் செய்கிற ஆய்வுக்கூடம் ஒன்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது. நான் ஊரெல்லாம் குழாய், குழாய் என்று அளந்ததைக் காப்பாற்றத்தான் போகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். நாரே போதும், இங்கேயே இரு என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். தயவுசெய்து சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் தாங்களே பார்த்துப் பங்கிட்டுக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மகளின் மாமனார்

பி.கு.: மருமகள் இதைப் படித்துவிட்டாள். குழாய்க்குள் குழாயாகப் பல அடுக்கு வருவதும் உண்டாம், அதை விட்டுவிட்டேனாம். அந்தக் கூடத்தில் அவளைக் கூப்பிட்டிருப்பதே நார் செய்யத்தானாம். அந்தப் பிரிவுக்கே அவள்தான் தலைவியாம். "போகட்டுமா மாமா?" என்று கேட்டாள். "இதெல்லாம் ஒரு கேள்வியா, கெளம்பும்மா" என்று சொல்லிவிட்டேன். மகனும் கூடப் போகிறான், போகட்டும். ஆகவே தாங்கள் அவளிடம் எதுவும் பேசவேண்டாம். சாயங்கால வேளைகளில் என்னோடு கொஞ்சம் பேசுங்கள்.