கொலுசு அண்ணாத்தயும் திரும்பி வந்த கொசு உள்ளானும்

ரஷ்யாவுக்குப் போகிற பயணிகளைக் கேளம்பாக்கத்திலிருந்து நேரில் வழியனுப்பும் ஷேர் ஆட்டோ டிரைவர் இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான். அவர் பெயர் கொலுசு அண்ணாத்த.

அவரோடு சுற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அவர் ஆட்டோவில்தான். பின்சீட்டை நிறைத்து உட்கார்ந்த ஒரு கனத்த ஆசாமியைக் கண்ணாடியில் பார்த்து, "சூப்பர் கொழுப்பு சார்! எங்கியும் எறங்காம ரஷ்யா போயிரலாம்" என்றார். "நான் கோவளத்துல எறங்கணும்யா. வாய மூடிகினு ஓட்டு!" என்று எகிறினார் ஆசாமி. அது பாராட்டு என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

கோடை தொடங்கியதும் நம் உப்பங்கழிப் பறவைகள் வடக்கே, ரஷ்யா வரைக்கும் கிளம்பும். அதற்கு முன் தின்று கொழுக்கும். கழி நடுவே, நாலு ஆட்டோ நிறுத்தினால் நிரம்பிவிடுகிற ஒரு மணல் திட்டு. அங்கே அனுமதி பெற்ற ஒரு குழு வலை கட்டிப் பறவைகளைப் பிடிக்கும். வயிற்று இறகை ஊதிக் கொழுப்பைப் பார்த்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடும். குழுவில் ஒருத்தரான அண்ணாத்த அந்த வளையத்தைக் கொலுசு என்பார். பெயர் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது.

மறுவாரமே நானும் திட்டில் ஆஜர்.

மற்றவர்கள் பறவையைச் சத்தமில்லாமல் விடுவார்கள். அண்ணாத்த, கோயம்பேட்டில் பஸ் ஏற்றிவிடும் சித்தப்பா மாதிரி. "நாஸ்தா துன்னியா? இமயமலையாண்ட பாத்துப் போ. கண்ட குட்டைல எறங்காத. மழைக்கு முன்னாடி ஒயுங்கா வந்து சேரு, இன்னா?"

"சீக்கிரம் விடுங்கண்ணா, பயப்படுது" என்பார் குழுத் தலைவி மேடம்.

"பயம் இல்ல மேடம். ஊர வுட்டுப் போற ஏக்கம்!"

ஏக்கம் உண்மையில் அவருக்குத்தான். குழுவில் எல்லாரும் மாட்டிய வளையங்களில் ஒன்றாவது திரும்பி வந்திருக்கிறது. அவருடையது ஒன்றுகூட இல்லை. "ஒண்ணே ஒண்ணு வரட்டும், திட்டுக்கே பிரியாணி" என்று வருஷக்கணக்காகச் சபதம்.

இந்த ஏப்ரலில் வந்தது. சிட்டுக்குருவி அளவுக் கொசு உள்ளான் ஒன்று வலையில் தொங்க, அதன் காலில் வளையம் மின்னியது. அண்ணாத்த சேற்றில் பாய்ந்ததில் ஒரு செருப்பு நிரந்தரமாகக் கழிக்குள் போனது. "என் கொலுசுடா! நான் போட்டதுடா!" எண்ணைப் பார்க்கும் முன்பே போன். "பாய், திட்டுக்கு பிரியாணி அனுப்பு. ஆமா, தண்ணி நடுவுலதான். படகுல ஏத்து!"

மேடம் எண்ணைப் படித்தார். "உங்க வளையம்தாண்ணா."

அண்ணாத்தவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கெல்லாம் போய்ட்டு வந்துகீது மேடம்?"

"எங்கயும் போகல. காலைல மாட்டி விட்டீங்களே, அதேதான். ஒரு சுத்து சுத்திட்டு அதே வலைல விழுந்திருக்கு."

திட்டே உருண்டு சிரித்தது. "ரஷ்யா ரொம்பக் கிட்ட வந்துடுச்சி அண்ணாத்த!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பறவையின் தலையை விரலால் தடவினார். "சிரி மச்சான், சிரி. எல்லாம் திரும்பிப் பாக்காம போயிகினே இருந்திச்சி. இது ஒண்ணுக்குத்தான் போக மனசு வரல." முதல் முறையாக, ஒரு புத்திமதியும் சொல்லாமல் கையை விரித்துப் பறக்கவிட்டார்.

பிரியாணி வந்தது. அவர்தான் எல்லாருக்கும் பரிமாறினார்.

பறவைகள் திரும்பி வரும் அக்டோபரில் அந்த வலையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வேண்டும் என்று மேடத்திடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். வளையத்தோடு ஒன்று சிக்கினால் எண்ணைப் பார்க்கமாட்டேன், அண்ணாத்தயைத்தான் கூப்பிடுவேன். அவர் படிக்கட்டும். பிரியாணி இந்த முறை என்னுடையது. அவர் சேற்றில் இறங்குவதற்குள் பாய்க்குப் போன் போட்டுவிடுவேன்.