மூலை விளக்கும் உங்கள் தம்பியின் கல்லும்

ஈடா,
நவம்பர் 14

அன்புள்ள மிட்சுயோ அக்காவுக்கு,

உங்கள் மலையில் முதல் உறைபனி விழுந்திருக்கும். முள்ளங்கியைக் கயிற்றில் கட்டிக் காயப்போட்டு முடித்திருப்பீர்கள். உங்கள் முழங்கால் இந்தக் குளிருக்கு அதிகம் படுத்தாமல் இருக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம், இப்போதைக்கு.

இப்போதைக்கு என்று எழுதக் காரணம், உங்கள் தம்பி ஒரு கல்லைக் கண்டுபிடித்துவிட்டார். சூரியனைச் சுற்றிவரும் கல், பள்ளி உடற்பயிற்சிக் கூடம் அளவு இருக்குமாம், பூமியின் பாதையை ஒட்டியே வருகிறதாம். பதினொரு வருடமாகக் காய்கறிப் பாத்திக்கு நடுவே தகரக் கூண்டில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தவருக்கு இப்போதுதான் கிடைத்தது என்று நானும் சந்தோஷமாகச் சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்கினேன். அதைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார், இன்னும் இருபது வருடத்தில் அது பூமியில் மோத எட்டாயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டாம். மறுநாள் மூவாயிரத்தில் ஒன்று. அடுத்த வாரம் அறுநூற்றில் ஒன்று. என்னங்க இது, நீங்க பார்க்கப் பார்க்க ஏறுதே என்றேன்.

"அப்படித்தான் ஏறும். அதோட பாதை இன்னும் சரியாப் பிடிபடல. பிடிபடப் பிடிபட, அது எங்கெல்லாம் வரலாம்ங்கற வலை சுருங்கும். பூமி வலைக்குள்ள இருக்கற வரைக்கும் எண் ஏறும். ஒருநாள் பூமி வெளிய வந்துடும், எண் சைபராயிடும்."

வராவிட்டால் என்று கேட்டேன். மீனைத் திருப்பு, கருகுது என்றார்.

அக்கா, நான் கல்லூரியில் படித்தவள், கணக்கு புரிகிறவள். புரிந்ததால்தான் தூக்கம் போனது. கூரை மாற்றியபோது சத்தத்துக்காகத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பலகாரப் பெட்டியோடு போய் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டோமே, நினைவிருக்கிறதா? கூரைக்கே கேட்டோம், இதற்குக் கேட்காமல் இருந்தால் நாளைக்கு என்ன முகத்தோடு குப்பை கொட்டப் போவது? பூரணம் வைத்த பலகாரம் பன்னிரண்டு பெட்டி வாங்கி, வீடு வீடாய்ப் போய்க் குனிந்து, எங்க வீட்டுக்காரரோட கல்லால உங்களுக்குத் தொந்தரவு வரலாம், பொறுத்துக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை கல்லைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. இகாராஷி அம்மா பெட்டியை வாங்காமல், போன மாசம்தானே ஓடு மாத்தினோம் என்று தன் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தெருச் சங்கத் தலைவர் குரிமோட்டோவுக்கு வயது எண்பத்தொன்று. "அப்போ எனக்கு நூத்தியொண்ணு. கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லக் கூடாதா?" என்றார். சிரிப்பதா, மறுபடி குனிவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருச் சங்கம் கூடியது. நம் தெருமூலை விளக்கை உங்கள் தம்பிக்கு வானம் தெரியட்டும் என்று பதினொரு வருடமாக ஏற்றாமல் வைத்திருந்தார்கள் அல்லவா? இனி ஏற்றலாம், வானத்திலிருந்து ஏதாவது வந்தால் ஓட வெளிச்சம் வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம், எல்லோரும் தலையாட்டினார்களாம். அன்றைக்கே விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அந்த மங்கலான கல் தெரியவே தெரியாது. இன்னும் பத்து நாளில் அது தூரமாய்ப் போய்விடும், பிறகு ஏழு வருடம் கழித்துத்தான் வரும். அதுவரை அறுநூற்றில் ஒன்று அப்படியே நிற்கும். வேற யாராவது எங்கேயாவது பார்ப்பாங்க என்கிறார் உங்கள் தம்பி. சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாத கூண்டுக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்துகொள்கிறார். யார்மேலும் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. உங்கள் ஊரில் விளக்கே கிடையாது. கொட்டகையைக் காலி செய்து நான்கு நாள் இவரைத் தொலைநோக்கியோடு வைத்துக்கொள்ள முடியுமா அக்கா?

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் கூரைக்குமேல் பனியைத் தவிர வேறெதுவும் விழாதிருக்கட்டும்.

உங்கள் தம்பி மனைவி,
சிஸுரு

பி.கு: இதை எழுதி மூன்று நாளாகத் தபாலில் போடவில்லை. விளக்கைப் போடலாம் என்று கூட்டத்தில் சொன்ன யாரோ நான்தான் அக்கா. இவர் பார்க்கப் பார்க்க எண் ஏறியது. பார்க்காவிட்டால் ஏறாது என்று நினைத்துவிட்டேன். கணக்கு புரிகிறவள். முந்தாநாள் இன்னொரு பலகாரப் பெட்டியோடு குரிமோட்டோவிடம் போய், வெட்கத்தை விட்டு விளக்கை அணைக்கக் கேட்டேன். "நீங்க கேட்டீங்களேன்னுதான் நாங்க தலையாட்டினோம். வெளிச்சம் கண்ணுல அடிச்சு தெருவுல ஒருத்தரும் தூங்கல" என்றார். சுவிட்சுப் பெட்டிச் சாவி மாதத்துக்கு ஒரு வீடாகப் போகும், இந்த மாதம் நம் வீட்டில். நானே அணைத்தேன். நேற்றுக் காலை உங்கள் தம்பி சைபர் என்று சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். சாவி விஷயம் அவருக்குத் தெரியாது. நான் இன்றைக்கு மறுபடி பன்னிரண்டு வீட்டுக்கும் போகவேண்டும், கல் வராததற்கு. உங்களை எனக்குத் தெரியும், இந்த வரிக்கு வருவதற்குள் எழுந்துபோய்க் கொட்டகையைக் காலி செய்திருப்பீர்கள். இத்துடன் வரும் பெட்டி அதற்காக.