குட்டைக் கியர்

“இது எங்கேர்ந்து வந்தது?” என்று கேட்டார் ராமபத்ரன். அவர் உள்ளங்கையில் ஒரு போல்ட் இருந்தது.

“என்னைக் கேட்டா? நானா வண்டியைப் பிரிச்சேன்?” என்றாள் அவர் மனைவி ஸுப்ரியா.

மட்டாஞ்சேரி செர்லாயில், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து அது. வீட்டுச் சுவரை ஒட்டிக் கார் நின்றிருந்தது. முன் சீட்டுகளுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் கழன்று வாசல்படியில் கிடந்தன. கியர் லிவர் ராமபத்ரனின் மடியில் கிடந்தது. செய்முறைப் படத்தில் நாலு போல்ட். இது ஐந்தாவது. அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை ஸுப்ரியாவுக்கு டிரைவிங் டெஸ்ட்.

அவள் பஜாரில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அடுத்த மாதம் அந்தக் கூடம் ஆலுவாவுக்கு மாறுகிறது. பதினோரு வருஷ அனுபவத்துக்காக இன்சார்ஜ் பதவி அவளுக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். ஆனால் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்; அதனால் கார் ஓட்டும் லைசென்ஸைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் பதவி மாதுரிக்கு. மாதுரி நேற்று வேலைக்கு வந்தவள். மிளகுக்கும் பப்பாளி விதைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அரை நாள் எடுத்துக்கொள்வாள். ஆனால் லைசென்ஸ் வைத்திருக்கிறாள்.

ஸுப்ரியா ஏற்கெனவே ஒரு தடவை தோற்றாயிற்று. அவளுடைய லேர்னர்ஸ் லைசென்ஸ் வெள்ளிக்கிழமையோடு காலாவதி. வியாழனை விட்டால் எல்லாம் முதலிலிருந்து. போதாக்குறைக்கு டிரைவிங் ஸ்கூல் கார் கிளட்ச் கருகிப் பட்டறையில் படுத்துவிட்டது. “மேடத்துக்குச் சொந்த வண்டி உண்டல்லோ, அதைக் கொண்டு வாங்க,” என்று சொல்லி, பயிற்சி கொடுத்த ஆசான் கையைக் கழுவிவிட்டார்.

சொந்த வண்டி என்று காதில் விழுந்ததுமே ராமபத்ரன் எங்கிருந்தோ ஒரு பெட்டியை வரவழைத்துவிட்டார்.

“ஷார்ட் ஷிஃப்டர்னு பேரு. கியரை இவ்வளவு தூரம் தள்ளறதுக்குப் பதிலா இவ்வளவு தள்ளினாப் போறும்,” என்று முதலில் முழம் காட்டினார், பிறகு சாண் காட்டினார். “எச் எடுக்கறச்சே கொழப்பம் எங்கே வரது? ரிவர்ஸ் போடற எடத்துல. கை போற தூரத்துக்குக் கண்ணும் கூடவே போயிடறது. அந்த நேரம் பார்த்து வண்டி கம்பியில இடிக்கும். எல்லாம் உனக்காகத்தான், மனசிலாச்சா?”

கேரளத்தில் ஸ்கூட்டருக்கு எட்டு, காருக்கு எச். மைதானத்தில் எச் எழுத்தைப் போலக் கம்பிகளை நட்டு வைத்து, ஒன்றைக்கூடத் தொடாமல் காரை முன்னும் பின்னும் கொண்டுபோகச் சொல்வார்கள். ஒரு கம்பி சாய்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“நேக்குப் பழைய கியரே போறும். கை பழகியாச்சு.”

“கார் விஷயத்துல நான் சொல்றதைக் கேளு.”

அதற்கு மேல் பேச்சில்லை. கார் ஓட்டுவதெல்லாம் தனக்குக் காலேஜ் நாளிலேயே தண்ணீர் பட்ட பாடு என்று பெண் பார்க்க வந்த அன்றே அவர் சொல்லியிருந்தார். ஸுப்ரியாவின் அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆறு மாதம் முன்னால், ரிட்டயர் ஆன தன் மேனேஜரிடமிருந்து இந்தக் காரை வாங்கியதிலிருந்து, டயரில் காற்று எவ்வளவு, ஆயில் எப்போது, மேட்டில் கிளட்சை எப்படி விடுவது என்று அவர் வாய் ஓயவில்லை. வெலிங்டன் தீவில் இருக்கும் ஆபீசுக்கு மட்டும் வாட்டர் மெட்ரோ படகில்தான் போவார். “வண்டியைக் கொண்டுபோனா எங்கே நிறுத்தறது?” என்பார். கஞ்சத்தனம் என்று ஸுப்ரியா நினைத்துக்கொள்வாள்.

ஐந்தாவது போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். லிவர் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது.

“போட்டுப் பாரு.”

ஸுப்ரியா கிளட்சை மிதித்து முதல் கியருக்குத் தள்ளினாள். அசையவில்லை. பலமாகத் தள்ளினாள். அப்போதும் அசையவில்லை. சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் தள்ளியதும் டக்கென்று விழுந்தது.

“பார்த்தியா, தூரம் எவ்வளவு கொறைஞ்சு போச்சு!”

“தூரம் கொறைச்சல்தான். ரெண்டு கையும் இங்கே இருந்தா ஸ்டியரிங்கை யார் பிடிப்பா? இன்ஸ்பெக்டரா?”

“புதுசோன்னோ, அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் கிரீஸ் போட்டா ஒரு கொழப்பமும் இல்லை.”

கிரீஸ் போட்டார். போட வேண்டிய இடத்திலும் போட்டார், வேண்டாத இடத்திலும் போட்டார். அடுத்த தடவை ஸுப்ரியா தள்ளியபோது கியர் இருந்த இடத்திலேயே இருந்தது; அவள் கை மட்டும் வழுக்கிப் போய் ரேடியோவில் இடித்தது. கார் வந்த நாளிலிருந்து பாடாத ரேடியோ பாடத் தொடங்கியது. அதை நிறுத்த அவர்களுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

அரை நாள் வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது படுக்கையறை ஜன்னலில் திரைச்சீலை இல்லை. அது தொங்கிக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் ஒரு துண்டு அறுபட்டு, கியர் லிவரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

“பிடி நீளமா இருந்தா பலம் கம்மியாப் போறும். சயின்ஸ்,” என்றார் ராமபத்ரன்.

ஸுப்ரியா உள்ளே போய், பழைய லிவரை எடுத்துவந்து பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். “முன்னாடி இருந்ததைவிட இப்போ நாலு விரல் ஒசரம்.”

“ஆனா உள்ளே இருக்கறது ஷார்ட் ஷிஃப்டர்.”

பதினான்கு வருஷக் குடித்தனத்தில் இந்த மாதிரிப் பதில்களுக்கு மறுபதில் கிடையாது என்பதை அவள் தெரிந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை, பழகிப் பார்ப்பதற்காகச் சந்தின் கோடியில் இருந்த சுக்குக் குடோன் முற்றத்துக்குப் போனார்கள். அதுவரைக்கும் ராமபத்ரன் காரைத் தள்ளிக்கொண்டே வந்தார். “இத்தனாம் தூரத்துக்கு எஞ்சினை வெறுதே சூடாக்குவானேன்?” என்றார், மூச்சு வாங்க. முற்றத்துக்கு வந்ததும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டு பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டார்.

குழாயைப் பிடித்து முதல் கியர் போட்டாள். வெண்ணெயாக விழுந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மெல்லக் கிளட்சை விட்டாள். கார் பின்னால் போயிற்று.

பின்னால் ஆள் உயரத்துக்குச் சுக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். உச்சியில் இருந்த மூட்டை காரின் கூரையில் விழுந்து பிரிந்தது. நாலு சுமைக்காரர்கள் சாயாக் கிளாசோடு ஓடிவந்து, மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழிலும் தொடர்ந்து திட்டினார்கள்.

“முதல் கியர்தானே போட்டேன்!”

“நீ முதல்தான் போட்டே. அது ரிவர்ஸ்ல விழுந்துடுத்து.”

“அப்போ ரிவர்ஸ் போட்டா முன்னாடி போகுமா?”

“லாஜிக்படி போகணும்.”

போட்டாள். அப்போதும் பின்னால்தான் போயிற்று. ஆனால் இந்தத் தடவை சுமைக்காரர்கள் முன்கூட்டியே விலகி நின்றிருந்தார்கள்.

ஸுப்ரியா எஞ்சினை அணைத்தாள். “நாளைக்கு என் பதவி போறது, தெரியறதா உங்களுக்கு?” என்றாள். “பதினோரு வருஷம் மிளகுத் தூசியில தும்மினவ நான். இனிமே மாதுரி கையெழுத்துக்கு நான் பேப்பரை நீட்டிண்டு நிக்கணும். யார் கேட்டா இந்தக் கியரை?”

ராமபத்ரனுக்கு முகம் செத்துவிட்டது. போனை எடுத்துச் சுடலைமணியைக் கூப்பிட்டார்.

சுடலைமணி திருநெல்வேலிப் பக்கத்து ஆள்; பத்து வருஷமாகத் தோப்பும்படியில் பட்டறை வைத்திருப்பவர். வந்தவர் உள்ளே தலையை விட்டார். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. அவர் தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது.

“யாரு அண்ணாச்சி இதுல கை வச்சது?”

“கம்பெனியிலேயே ஏதோ சின்னத் தப்பு...”

“கேபிளைப் பிடிச்சிருக்கிற கிளிப்பு ஒடைஞ்சு போச்சு. ஒரு போல்ட்டு வேற கொறையுதே?”

ராமபத்ரன் சட்டைப்பையிலிருந்து போல்ட்டை எடுத்து நீட்டினார். சுடலைமணி அதை வாங்கிக்கொண்டு ஸுப்ரியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அனுதாபம் இருந்தது.

“பழையபடி மாத்தணும்னா கிளிப்பு வேணும். அது வர நாலு நாளாவும். இப்பதைக்குக் கட்டுக்கம்பி வச்சு முறுக்கி விடுதேன். முதலு, ரெண்டு, ரிவர்ஸ். இம்புட்டுத்தான் விழும் அக்கா. மூணாம் கியருக்கு ஆசைப்படாதிய.”

“எச்சுக்கு அது போறுமா?”

“தாராளமாப் போதும். அங்க போயிச் சேருறதுதான் பாடு.”

வியாழக்கிழமை காலை ராமபத்ரன் கூட வரவில்லை. “சுடலைமணி ஓட்டிண்டு வரட்டும். நேக்கு ஆபீஸ்ல ஒரு சின்ன ஜோலி. முடிச்சுட்டு நேரே மைதானத்துக்கு வந்துடறேன்,” என்று நழுவிவிட்டார். கட்டின புருஷனாக இருந்தால் இன்றைக்காவது கூட வருவான் என்று ஸுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோப்பும்படியிலிருந்து வைட்டிலாவரைக்கும் இரண்டாம் கியரிலேயே கார் உறுமிக்கொண்டு போயிற்று. பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. வைட்டிலா ஜங்ஷனில் ஒரு கண்டக்டர் தலையை நீட்டி அவர்களிடம் ஏதோ கேட்டார். அதை மொழிபெயர்க்க முடியாது என்று சுடலைமணி சொல்லிவிட்டார்.

மைதானத்தில் ராமபத்ரன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் சந்தனம், அக்குளில் ஒரு ஃபைல். ஆபீஸ் ஜோலி இவ்வளவு சீக்கிரம் முடிந்ததா என்று கேட்க அவளுக்கு நேரம் இல்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகக் காருக்குள் எட்டிப் பார்த்தார். “இதெந்தா, பஸ்ஸோட கியரா?”

“கார் கியர்தான் சார். கொஞ்சம் ஒசரம்.”

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. கிளட்சைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு நாளாக அந்தக் குழாயோடு மல்லுக்கட்டியதில் அதன் கோணல் புத்தியெல்லாம் அவள் கைக்கு அத்துப்படியாகியிருந்தது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே கெஞ்ச வேண்டும் என்று தெரிந்திருந்தது. முன்னால் போனாள். ரிவர்ஸ் போட்டுத் திரும்பினாள். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். எல்லாக் கம்பிகளும் நட்டது நட்டபடி நின்றன. அடுத்து ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். வெளியே இருந்த ரோட்டின் பள்ளங்களில் இரண்டாம் கியருக்கு மேல் யாராலும் போட முடியாது என்பதால் அதுவும் நல்லபடியாக முடிந்தது.

“பாஸ்,” என்றார் இன்ஸ்பெக்டர், நிமிர்ந்து பார்க்காமலேயே.

ஸுப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கி நேரே புருஷனை நோக்கி நடந்தாள். இனிமேல் என் வண்டியில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று சொல்வதற்கு வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் மனுஷர் பேயறைந்தவர் போல நின்றிருந்தார். இஸ்திரிச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஃபைலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாவம், எனக்காக இவ்வளவு பயந்திருக்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு உருகிவிட்டது. அசடாக இருந்தாலும் என் பேரில் எத்தனை அக்கறை!

“ஏன்னா இப்படி வேர்க்கறது? நான் பாஸ் ஆயிட்டேன். எல்லாம் முடிஞ்சுடுத்து,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸாக இருந்தது. “வாங்கோ, போய் ஒரு சாயா குடிக்கலாம்.”

ராமபத்ரன் அசையவில்லை. ஃபைலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மைதான ஊழியர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கூவினார்:

“அடுத்தது ராமபத்ரன்! வாங்க சாரே, இது ஆறாவது தடவையாக்கும், இன்னிக்காவது ஒரு கம்பியையாவது நிக்க விடுங்க!”