மெம்பர் மாட்டிய கேபிள்

பொன்னம்புழை யுவஜன கலா சமிதியின் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது. தேவைப்பட்டால் வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இதுவரை எந்தச் சமிதியிலும் உறுப்பினராக இருந்திராத பாக்கியசாலிகள்.

முன்பெல்லாம் ஓணத்துக்கு ஆற்றின் இக்கரையிலிருக்கும் பொன்னம்புழைக்காரர்களும் அக்கரைக்காரர்களும் வடக்கயிறு இழுத்துப் பலத்தைக் காட்டுவார்கள். இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று அதை நிறுத்திவிட்டு, இப்போது கம்ப்யூட்டரில் கார் ஓட்டுகிறார்கள். நோட்டீஸில் ‘இ-ஸ்போர்ட்ஸ்’ என்று அச்சடித்தார்கள். ‘இ’ என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு ‘இந்தியன்’ என்று தலைவர் கைமள் சார் விளக்கம் தந்தார்.

போன வருஷப் போட்டியில் பொன்னம்புழைக்காக ஓட்டியவன் சினோஜ். ஜங்ஷனில் மொபைல் கடை வைத்திருப்பவன், சமிதியின் விளையாட்டுச் செயலாளர். சமிதிக் கம்ப்யூட்டரில் கார் ஓடாது, அவ்வப்போது தோன்றும். வளைவுக்கு முன்னால் ஒரு படம் வரும். அடுத்த படத்தில் கார் வேலிக்குள் இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்பது கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அக்கரைக்காக ஓட்டி ஜெயித்தவன் டிஜோ. சினோஜின் மனைவியுடைய தம்பி.

தோற்றதுகூடப் பெரிதில்லை. அக்கரையில் இருக்கும் மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார முடியவில்லை.

“மச்சான், கறி போடட்டுமா, இல்ல உங்க கார் மாதிரி இன்னும் லோட் ஆகுதா?” என்பான் டிஜோ. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மனைவி ஜின்ஸி வாயைக்கூடப் பொத்தமாட்டாள்.

அதனால் சினோஜ் இரண்டு மாதம் உட்கார்ந்து, படத்தைத் திக்காமல் ஓடவைக்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளைப் பற்றிப் படித்தான், பார்த்தான், கடைக்காரர்களிடம் விசாரித்தான். சமிதியின் கையிருப்புக்குள் அடங்குகிற, சின்னதாக, கறுப்பாக, ஒற்றை விசிறி வைத்த ஒரு கார்டைக் கண்டுபிடித்தான். பார்வைக்குச் சோப்பு டப்பா மாதிரி இருக்கும், வேலை செய்யும். பொதுக்குழுவில் எழுந்து சொன்னான்.

கைமள் சார் தாலுக்கா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றாரே தவிர, தாலுக்கா ஆபீஸ் அவரை விட்டுப் போகவில்லை.

“கார்டுன்னா அட்டைதானே?” என்றார்.

“இல்ல சார், கம்ப்யூட்டருக்குள்ள மாட்டற பலகை மாதிரி ஒண்ணு. அதுமேல விசிறி இருக்கும்.”

“நிதானமாச் சொல்லு. அட்டைன்னா எழுதுபொருள் தலைப்பு. பலகைன்னா மரச்சாமான் தலைப்பு. விசிறின்னா மின்சாதனம். மூணு தலைப்புல வர்ற ஒரு சாமானை எந்தத் தலைப்புல வாங்கறது?”

 சினோஜ் படித்ததில் இது மட்டும் இல்லை.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, ‘இதர செலவினம், தேநீர் மற்றும் பழம்பொரி’ என்ற தலைப்பின் கீழ் கார்டு வாங்குவதென ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஓணம் வரை கூட்டங்களில் நேந்திரம்பழப் பஜ்ஜியான பழம்பொரி கிடையாது. விளையாட்டுத் துறையின் வளர்ச்சிக்காக கைமள் சார் செய்த முதல் தியாகம் அது.

அடுத்து, கார்டைத் தேர்ந்தெடுக்க ஓர் உபகமிட்டி. கைமள் சார், பொருளாளர் ரோஸிலி சேச்சி, புரவலர் நவ்ஷாத் இக்கா ஆகிய மூவர். ரோஸிலி சேச்சிக்குத் தையல்கடை. நவ்ஷாத் இக்கா இருபது வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர். விஷயம் தெரிந்தவன் உள்ளே இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் சினோஜைக் கமிட்டியில் சேர்க்கவில்லை. வெளியே நாற்காலி போட்டு, கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம் என்று அனுமதித்தார்கள்.

மூன்று கடைகளிலிருந்து விலைப்புள்ளி வாங்கப்பட்டது. கைமள் சார் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு ஒப்பீட்டு அறிக்கை தயாரித்தார். எடை, நீளம், விசிறிகளின் எண்ணிக்கை, விளக்கு, பெட்டியின் மேல் உள்ள படம். இவைதான் தலைப்புகள்.

“சார், எவ்வளவு வேகம்னு ஒரு கட்டம் வேணாமா?” என்றான் சினோஜ் வாசலிலிருந்து.

“வேகத்தை ஸ்கேல் வெச்சு அளக்க முடியுமா? முடியாதில்ல? அளக்க முடியாததை அறிக்கையில சேர்த்தா தணிக்கையில மாட்டிக்குவோம்.”

நவ்ஷாத் இக்கா சினோஜின் கார்டுப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“இதுல லைட்டே இல்லையேடா.”

“இக்கா, லைட்டு எதுக்கு? உள்ளதானே இருக்கப் போகுது?”

“ஷார்ஜால பாத்ரூம் கண்ணாடியிலகூட லைட்டு எரியும். அக்கரைக்காரன் வந்து பார்த்தா என்ன நினைப்பான்? ஏதோ சாவு வீட்டுக் கம்ப்யூட்டர்னு நினைப்பான்.”

ரோஸிலி சேச்சி பெட்டிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். “இந்தப் பெட்டியில ஒரு பொம்பளை கையில வாளோட நிக்கிறா. நீ சொல்ற பெட்டியில வெறும் கோடுதான் இருக்கு.”

“சேச்சி, பெட்டியை மாட்டப் போறதில்ல. உள்ள இருக்கறதைத்தான் மாட்டறோம்.”

“பத்திரிகையைப் பார்த்தாத்தானே கல்யாணம் எப்படி இருக்கும்னு தெரியும்? கோடு போட்ட பத்திரிகைக்கு நான் போய் மொய் எழுதுவேனா?”

முடிவில் மூன்று விசிறி, ஏழு நிற விளக்கு, ஒரு வாள்வீராங்கனை கொண்ட கார்டு அதிக மதிப்பெண் பெற்றது. அது வெகு பழைய சரக்கு, விசிறிக்கும் விளக்குக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சினோஜ் கத்தினான். ‘செயலாளரின் மாறுபட்ட கருத்து மகிழ்ச்சியுடன் பதிவு செய்யப்பட்டது’ என்று கைமள் சார் எழுதிக்கொண்டார். ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியில் சினோஜ் கொஞ்சம் சமாதானமானான். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஓணத்துக்கு முன் மாட்டினால் போதும்.

கார்டு ஆட்டோவில் வந்து இறங்கியது. அதாவது, இறங்கப் பார்த்தது. சினோஜ் பெட்டியில் கை வைத்த உடனே சுமைத்தொழிலாளர் தலைவர் சுகுணன் சேட்டன் நாலு பேரோடு ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டார்.

“மோனே, கையை எடு. சரக்கு இறக்கறது எங்க உரிமை.”

“சேட்டா, மொத்தமே எண்ணூறு கிராம்!”

“எடையைப் பத்தி நாங்க பேசலையே. உரிமையைப் பத்தித்தான் பேசறோம்.”

“சும்மா நின்னு பார்த்துட்டுக் கூலி கேட்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, தெரியுமில்ல?”

“பார்க்கறதுக்குத்தான்டா தடை. நாங்க பார்க்கல, தூக்கறோம்.”

தூக்கினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். சுகுணன் சேட்டன் பக்கவாட்டில் நடந்தபடி “பார்த்து, பார்த்து… வாசப்படி… குனிஞ்சு…” என்று வழி சொல்லிக்கொண்டு வந்தார். ஜங்ஷனில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

பெட்டியை அன்றே பிரித்து மாட்டிவிடலாம் என்று சினோஜ் நினைத்தான். கைமள் சார் திடுக்கிட்டார்.

“திறப்பு விழா இல்லாம எப்படி மாட்டறது? மாட்டினா அது திருட்டுத்தனமா மாட்டின மாதிரி ஆயிடாதா?”

பஞ்சாயத்து மெம்பர் வத்ஸலகுமாரி நேரம் ஒதுக்கித் தந்த நாளில் விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றி, ஈசுவரப் பிரார்த்தனை பாடி, வரவேற்புரை, அறிமுகவுரை, தலைமையுரை எல்லாம் முடிந்த பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். கார்டு உள்ளே போகவில்லை. மூன்று விசிறியின் நீளத்துக்கு அந்தப் பழைய பெட்டியில் இடமில்லை. சினோஜ் இதை முன்பே சொல்லியிருந்தான். அதுவும் மகிழ்ச்சியுடன் பதிவு செய்யப்பட்டிருந்தது. சுகுணன் சேட்டன் ரம்பத்தோடு வந்து உள்ளேயிருந்த இரும்புத் தட்டை அறுத்துக் கொடுத்தார். அறுப்புக்குத் தனிக் கூலி. பக்கத்து மூடியை மறுபடி மாட்ட வேண்டாம், மூடினால் லைட்டு தெரியாது என்று நவ்ஷாத் இக்கா ஆணையிட்டார்.

சினோஜ் கார்டைப் பொருத்தி நிமிர்வதற்குள் போட்டோக்காரர் அவனைத் தோளைப் பிடித்து ஓரம்கட்டினார். மிச்சம் இருந்தது திரையின் கேபிளை மாட்டுவது மட்டும்தான். மெம்பர் ரிப்பனைக் கத்தரித்து, கேபிளைக் கையில் வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே மாட்டினார். கைத்தட்டல். கார்டில் ஏழு நிறமும் ஓடியது. மூன்று விசிறியும் சுழன்றது. திரையில் கார் தோன்றியது.

“ஹா! பார்த்தியா? தார் ரோட்டோட வாசனையே வருது!” என்றார் நவ்ஷாத் இக்கா.

“முன்னாடி வெறும் பச்சையா இருந்தது. இப்ப ஒவ்வொரு தென்னையும் தனித்தனியாத் தெரியுது” என்றார் ரோஸிலி சேச்சி.

கூட்டம் கலைந்த பிறகு சினோஜ் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தான். வளைவுக்கு முன்னால் ஒரு படம். அடுத்து வேலிக்குள் ஒரு படம்.  கம்ப்யூட்டரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். கேபிள் மாட்ட அங்கே இரண்டு சாக்கெட் இருந்தது. ஒன்று கம்ப்யூட்டரின் பழைய சாக்கெட், இன்னொன்று கார்டின் சாக்கெட். மெம்பர் பழையதில் மாட்டியிருந்தார். கார்டு வழியாகப் படம் வரவே இல்லை. இத்தனை பழம்பொரியைத் தியாகம் செய்து வாங்கிய கார்டு சும்மா விளக்கெரித்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கைமள் சார் வீட்டுக்கு ஓடினான்.

“சார், அந்தக் கேபிளைக் கழற்றி ஒரு விரல்கடை தள்ளி மாட்டணும். அவ்வளவுதான்.”

கைமள் சார் பேப்பரை விரித்துக் காட்டினார். மெம்பரும் கேபிளும் போட்டோவில் இருந்தார்கள். “மக்கள் பிரதிநிதி பொதுமக்கள் முன்னிலையில மாட்டினது. அதை நீ கழற்றினா மெம்பருக்கு மாட்டத் தெரியலைன்னு அர்த்தமாகும். அவங்க கட்சிக்காரங்க சும்மா விடுவாங்களா?”

“நானே யாருக்கும் தெரியாம…”

“கழற்றணும்னா பொதுக்குழு தீர்மானம் வேணும். பொதுக்குழுவுக்கு மூணு வாரம் முன்னறிவிப்பு வேணும். ஓணமோ அடுத்த வாரம்.” பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: “ஆனா நல்லாத்தானே தெரியுது? நான் பார்த்தேனே. தென்னையெல்லாம் தனித்தனியா…”

ஓணத்தன்று சமிதி மண்டபம் நிரம்பி வழிந்தது. அக்கரைக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டரைப் படகில் கொண்டுவந்திருந்தார்கள். அதிலும் ஒரு கார்டு. விளக்கு இன்னும் இரண்டு நிறம் கூடுதல். நவ்ஷாத் இக்காவின் முகம் வாடிவிட்டது. டிஜோ கண்ணடித்து, “மச்சான், கார் கிளம்பிடுச்சா, இல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயே நிக்குதா?” என்றான். முன்வரிசையில் ஜின்ஸி தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். எந்தப் பக்கத்துக்குக் கைதட்டப் போகிறாள் என்று சினோஜால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போட்டி தொடங்கும் நேரத்தில் கரண்ட் போயிற்று. பாயசம் பரிமாறுகிறார்கள் என்று யாரோ சொல்ல, மண்டபமே வெளியே பாய்ந்தது. சினோஜ் தனியாக நின்றான்.  இதற்கு முன் அவன் எந்த மக்கள் பிரதிநிதியின் பணியிலும் தலையிட்டதில்லை. கேபிளை உருவி, ஒரு விரல்கடை தள்ளி மாட்டினான்.

கரண்ட் வந்தது. போட்டி தொடங்கியது.

அந்தச் சாலை ஆறு மாதிரி ஓடிற்று. தென்னைகள் நிஜமாகவே தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போயின. சினோஜுக்குக் கண் கலங்கியது. டிஜோவின் காரை முந்தினான். முதல் வளைவு வந்தது.

இத்தனை வருஷமும் படம் தாமதமாக வந்ததால், வளைவு தெரிவதற்கு முன்பே திருப்பிப் பழகிய கை அவனுடையது. அது தன் வழக்கப்படி முன்கூட்டியே திருப்பியது. கார் தடுப்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. போன வருஷமெல்லாம் கார் எங்கே போனது என்றே யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் அது மூழ்கும்போது வந்த குமிழிகூடத் துல்லியமாகத் தெரிந்தது. திரும்பவும் ஓட்டினான், திரும்பவும் கடல். மூன்றாவது முறை மண்டபமே “கடல்! கடல்!” என்று முன்கூட்டியே கத்தியது. டிஜோ வேலியில் இடித்து இடித்து, திக்கித் திணறி, எல்லைக்கோட்டைத் தொட்டு ஜெயித்தான்.

அன்றே விசாரணைக் கமிட்டி அமைந்தது. கேபிள் இடம் மாறியிருப்பதை ரோஸிலி சேச்சி கண்டுபிடித்தார்.

“மெம்பர் மாட்டினப்ப கார் ஒரு தடவையாவது கடல்ல விழுந்துச்சா?” என்று கைமள் சார் கேட்டார்.

“விழல சார். ஆனா…”

“நீ மாட்டினதும்?”

“மூணு தடவை சார்.”

“அப்புறம் என்ன ஆனா?”

சினோஜைச் செயலாளர் பதவியிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். மெம்பர் மறுபடி வந்து, மறுபடி விளக்கேற்றி, கேபிளைப் பழைய சாக்கெட்டிலேயே மாட்டினார். சீரமைப்புக்குப் பின் படத்தின் தரம் உயர்ந்திருக்கிறது என்று சினோஜ் எழுதிக் கொடுத்தால் பதவி திரும்பக் கிடைக்கும் என்றார்கள். மனசாட்சி இடம் தராததால், எழுதுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்றான். உட்கார்ந்தான். கை பழகிய இடத்தில் திரும்பியது. கார் வேலியோடு நின்றது. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு, எங்கும் கடல் இல்லை. தென்னைகளைப் பார்த்தான். உற்றுப் பார்த்தால் தனித்தனியாகத்தான் இருந்தன. முழு மனத்தோடு கையெழுத்துப் போட்டான்.

அடுத்த ஞாயிறு மாமியார் வீட்டுக்குப் போனபோது டிஜோ கிண்டல் எதுவும் செய்யவில்லை. சாப்பாடு முடிந்ததும் ரகசியமாகத் தங்கள் கிளப்புக்கு அழைத்துப் போனான்.

“மச்சான், வெளிய சொல்லாதீங்க. அன்னைக்கு உங்க திரையில படம் தண்ணி மாதிரி ஓடினதைப் பார்த்தேன். எங்களுது புதுக் கார்டு, ஆனா திக்கித் திக்கித்தான் வருது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்.”

சினோஜ் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். கேபிள் பழைய சாக்கெட்டில் இருந்தது. நிமிர்ந்தான்.

“இதை யார் மாட்டினாங்க?”

“எம்.எல்.ஏ.”

சினோஜ் கம்ப்யூட்டரை மெதுவாக, மரியாதையோடு, பழையபடி திருப்பி வைத்தான்.

“கேபிள் சரியாத்தான் இருக்கு. நீ எதுக்கும் கண்ணைக் காட்டு.”

டிஜோ மறுநாளே திருச்சூருக்குப் போய்க் கண்ணைக் காட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டான். இப்போது படம் நன்றாகத் தெரிகிறது என்று அக்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.