ஈயச்சொம்பும் மெட்டல் டிடெக்டரும்

இந்த ஜென்மத்தில் மிக்கேல் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று நான் சபதம் செய்து எட்டு மாதம் ஆகிறது. சாதாரண சபதம் இல்லை. எங்கள் தீவில் மின்னி பே குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திச் செய்த சபதம்.

மிக்கேல் எனக்குப் பக்கத்து வீடு. தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் வயர்லெஸ் மெக்கானிக். என் ரேடியோ கரகரத்தபோது நானே அதைப் பிரித்து, நானே மூடி, மிச்சமான பதினொரு திருகுகளோடு அவரிடம் கொண்டுபோனேன். நாலு பேர் எதிரில் என்ன சொன்னார் தெரியுமா? "சார், நீங்க பண்ணினது ரிப்பேர் இல்ல, போஸ்ட்மார்ட்டம்!" நாலு பேரும் சிரித்தார்கள். நாலாவது ஆள் என் மனைவி விசாலாட்சி.

அந்த எரிச்சலே ஆறவில்லை, அதற்குள் அவள் தோட்டுத் திருகைத் தொலைத்தாள். கொல்லையில் விழுந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை முழுக்க அதே பாட்டு. "ஒரு திருகைத் தேடித் தரத் துப்பில்ல!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் யார்? பாம்பூஃப்ளாட் கவர்ன்மென்ட் ஸ்டோரில் ஸ்டோர் கீப்பர் திருநாவுக்கரசு. என் பொறுப்பில் ஒரு மெட்டல் டிடெக்டரே இருக்கிறது. யுத்தத்தில் ஜப்பான்காரன் விட்டுப்போன குண்டு ஏதும் மண்ணுக்குள் கிடக்கிறதா என்று, ரோடு வெட்டுவதற்கு முன்னால் தடவிப் பார்க்கும் யந்திரம். குண்டைக் கண்டுபிடிப்பது திருகைக் கண்டுபிடிக்காதா? சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அதைச் சாக்கில் சுற்றி ஃபெர்ரியில் ஏற்றினேன்.

சாத்தம் ஜெட்டியில் இறங்கும்போது கால் வழுக்கியது. நான் விழவில்லை. அது விழுந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் விசாலாட்சி சொன்னாள். "ஏங்க, திருகு கிடைச்சிடுச்சு. ரவிக்கை மடிப்புலயே இருந்திருக்கு."

கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. சாக்கைப் பிரித்தேன். யந்திரம் மூச்சு விடவில்லை. மூடியைக் கழற்றினால், உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் போர்டு. அதில் தாமிரக் கோடு ஒன்று அறுந்து கிடந்தது. திங்கட்கிழமை காலை இன்ஜினியர் இதைக் கேட்பார். வேலை செய்யாவிட்டால் சர்க்கார் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோன விஷயமும் வெளியே வரும். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், அடுத்த கப்பலில் மெட்ராஸ்.

"மிக்கேல் அண்ணன்கிட்ட குடுங்களேன்."

"அந்த ஆள் பேரை எடுத்தே..."

"அரைமணி நேரத்துல பத்த வச்சிடுவார்."

"நானே பத்த வைப்பேன்!"

"அதான் பயமாயிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை பற்றவைக்க ஈயம் தேடி அலைந்தேன். "கப்பல் வந்தாத்தான் மால் வரும், பாயி" என்று கடைக்காரன் கையை விரித்தான். கப்பல் வியாழக்கிழமைதான். இந்தத் தீவில் எதைக் கேட்டாலும் கப்பல், கப்பல்! கறுவிக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்தேன். அங்கே இருந்தது விசாலாட்சியின் ஈயச்சொம்பு.

ரசம் வைக்கும் சொம்பு. கும்பகோணத்திலிருந்து மாமியார் கொடுத்த சீர். நாலு நாள் கப்பல் பயணத்தில் அவள் அதை மடியைவிட்டு இறக்கவில்லை. என்னைக்கூட அவள் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. அவள் துணி காயப்போடும் நேரம் பார்த்து, விளிம்பில் புளியங்கொட்டை அளவு வெட்டினேன்.

ஸ்க்ரூடிரைவரை ஸ்டவ்வில் பழுக்கக் காய்ச்சி ஈயத்தில் வைத்தேன். உருகியது. ஒரு கோட்டில் நிற்க வேண்டிய ஈயம் நாலு கோட்டிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. பேட்டரியை மாட்டினேன். ஓவென்று கத்த ஆரம்பித்தது. இரும்பைக் காட்டினாலும் கத்தல், காட்டாவிட்டாலும் கத்தல். தலையணையைக் காட்டினேன், அதற்கும் கத்தியது.

"யாருங்க அழறது?"

"யாரும் அழலை! உன் வேலையைப் பாரு!"

வந்தாள். யந்திரத்தைப் பார்த்தாள். சொம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் திட்டாமல் விட்டது அன்றுதான். "சாப்பிட்டுக் கொஞ்சம் படுங்க" என்றாள். பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சாப்பிட்டுப் படுத்தேன்.

நாலரை மணிக்கு எழுந்து மறுபடி பேட்டரியை மாட்டினேன். சத்தமில்லை. கடப்பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கீ என்றது. விலக்கினேன். அடங்கியது.

"பாத்தியா? யாரு கை!"

"ஈயம் ஆறினதும் பிடிச்சிருக்கும்" என்றாள் பணிவாக. பணிவு! அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை எங்கள் வங்காளி இன்ஜினியர் பேட்டரி பார்க்க மூடியைத் திறந்தார். போர்டை உற்றுப் பார்த்தார். "அரே வா! கிஸ்னே கியா? யாரு பண்ணின வேலை?"

"நான்தான் சார்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். "மிஷினை வாயில்லாப் பிள்ளை மாதிரி பார்த்துக்கணும் சார். வெளியே குடுத்தா கெடுத்துடுவாங்க."

"ஷாபாஷ்! ஹட் பேயிலிருந்து ஏழு வயர்லெஸ் செட்டு கெட்டுப்போய் வந்திருக்கு. வீட்டுக்கே கொண்டுபோய் நிதானமா பண்ணுங்க. சனிக்கிழமை கப்பல்ல திரும்பப் போகணும்."

ஏழு செட்டையும் கூலியாட்கள் தலையில் ஏற்றி வீடு வந்தபோது, மிக்கேல் மனைவி லூசி ஈயச்சொம்போடு உள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, போர்டுல சார் அப்பியிருந்த ஈயத்தை எங்க வீட்டுக்காரரு உருக்கி எடுத்து, சொம்பு விளிம்புலயே வச்சு அடைச்சிட்டாரு. ஒரு பொட்டு வீணாகல."

என்னைப் பார்த்ததும் சொம்பை வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

"என்னைக் கேக்காம அந்த ஆள்கிட்ட எப்படிக் குடுக்கலாம்? நான் தூங்குற நேரம் பாத்து! எனக்கு மானம் இல்லையா? ரோஷம் இல்லையா?" நான் கத்திய கத்தலில் கூலியாட்கள் காசு வாங்காமலே படி இறங்கிவிட்டார்கள்.

"கத்துங்க. கத்தி முடிச்சதும் அந்த ஏழையும் நீங்களே எடுத்துக்கிட்டுப் போய்க் கேளுங்க. இனிமே நான் கேக்க மாட்டேன்."

இன்னும் கொஞ்ச நேரம் கத்தினேன். பிறகு முதல் செட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பக்கத்து வீட்டுப் படி ஏறினேன்.

"வாங்க சார்" என்றார் மிக்கேல். "ஆபீஸ்ல பெருமையடிச்சு வேலையை இழுத்துக்கிட்டு வருவீங்கன்னு தங்கச்சி காலையிலேயே சொல்லிட்டுப் போச்சு. மேஜையைக் காலி பண்ணி வச்சிருக்கேன்."