வண்டிக்கு அடியில் ஒரு சஃபாரி சூட்

அந்த ஜீப்பின் ஸ்டீயரிங் ஆடியதற்கு டயர்தான் காரணம் என்று நான் சொன்னது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தப்புக்கு ஒரு மனிதனை எத்தனை வருடம் கேலி செய்வார்கள்? ஏரவாடா ஜெயிலில் கொலைகாரனைக்கூடப் பதினாலு வருடத்தில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மட்டும் விடுதலையே இல்லை.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு என்ற ஊரில் ஒரு ராணுவக் கிடங்கில் கிளார்க். வண்டி உதிரிபாகங்களின் பதிவேடு என் பொறுப்பு. ஜீப்பின் ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் எனக்கு மனப்பாடம். (எந்தப் பாகம் எங்கே இருக்கும் என்பது மட்டும் தெரியாது. வெள்ளைச் சட்டைக்காரன், ஸ்பேனரைத் தொட்டதில்லை.) இப்படிப்பட்டவனைத்தான் எங்கள் சொந்தக்காரர்கள் வண்டி டாக்டர் என்று நம்பினார்கள். அவர்களைவிட அதிகமாக நானே நம்பினேன்.

அக்கா வீட்டுக்காரரான அத்தான், ஏலத்தில் ஒரு பழைய ராணுவ ஜீப் எடுத்திருந்தார். மழைக்காலத்தில் மலைப்பாதைச் சேற்றில் அடிவயிறு தட்டக்கூடாதென்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் போட்டு அரை அடி தூக்கியும் விட்டார். அம்மா ஏறுவதற்கு முக்காலி வேண்டும். தூக்கிய சில மாதத்தில் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. முப்பது மைல் வேகத்தில் ஏதாவது பள்ளத்தில் விழுந்தால் போதும், முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஆடும். ஸ்டீயரிங் கையை உதறும். வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும்.

ஆகுர்டியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். "சாப், பெஹ்லே நீச்சே தேக்னா படேகா" என்றார் அவர். முதலில் அடியில் பார்க்க வேண்டுமாம்; ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டுமாம். இன்னொருவர் அடியில் படுத்து எந்த மூட்டு தளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்! எண்கள் ஏழெட்டை அவரிடம் ஒப்பித்துவிட்டு, "டயர் பேலன்ஸ்!" என்று தீர்ப்பு சொன்னேன். முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட வைத்தேன். மனிதர் ஒரு சலாம் வைத்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். அந்தச் சலாமை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏரவாடாவுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டோம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனிமேல் தேட மாட்டேன் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே சந்தன நிறத்தில் புதிதாகத் தைத்த சஃபாரி சூட். அத்தான் ஓட்ட, அம்மா, அக்கா, பழத்தட்டு, நடுவில் போதகர் ஐயா.

பிம்ப்ரி தாண்டியதும் ஒரு பள்ளம். குளிர்ஜுரம் கண்டதுபோல ஜீப் உதறத் தொடங்கியது. வாழைப்பழச் சீப்பு போதகர் மடியில் விழுந்தது. அத்தான் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். போதகர் ஜெபத்தை ஆரம்பித்து ஆமென் சொல்வதற்குள், ஒரு வேப்பமரத்துக்கு முழம் முன்னால் வண்டி நின்றது.

"டயரை மாத்தியாச்சுன்னுல்லா சொன்ன?" என்றாள் அம்மா.

"டயர்தாம்மா. இனி புதுசு வாங்கணும்."

மீதித் தூரம் மாட்டுவண்டி வேகத்தில் போனோம். சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பெண்ணின் அப்பா எங்களைப் போலவே திருநெல்வேலிக்காரர்; லாரி ஓட்டி, பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தவர். ஏன் தாமதம் என்று கேட்டார். வண்டி மக்கர் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நானோ டயரின் சமநிலை பற்றி அவருக்கே கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். பாக்கர்வடிப் பலகாரத் தட்டோடு வந்த பெண், எஸ்தர், தட்டை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தியளா?"

மாப்பிள்ளையைக் கேட்கிற கேள்வியா இது? பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று நாங்களல்லவா கேட்க வேண்டும்?

"நான் மூணு வருஷமா வண்டி செக்‌ஷன்ல இருக்கேன்" என்றேன்.

"அது சரி. அடியில படுத்துப் பாத்தியளா?"

சின்ன வயதிலிருந்தே, அப்பா லாரிக்கு அடியில் படுக்க, மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஆட்டிக் கொடுத்தவளாம். பட்டுச் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, முக்காலி கேட்காமல், ஒரே எட்டில் ஜீப்பில் ஏறிவிட்டாள். "நான் ஆட்டுதேன். நீங்க படுங்க." அவள் அப்பா கோணிச்சாக்கை விரித்தார். சந்து முழுவதும் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் சஃபாரி சூட்டோடு படுத்தேன்.

அவள் ஆட்டினாள். முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற கம்பியின் முனையில் இருந்த குண்டு மூட்டு தேய்ந்துபோய் டக் டக்கென்று குதித்தது. வண்டியைத் தூக்கியதில் ஸ்டீயரிங் கம்பிகள் சரிந்து, மூட்டுகளைக் கோணலாக இழுத்திருக்கின்றன. (எண் மனப்பாடம். முகத்தை அன்றுதான் பார்த்தேன்.)

"ஏதாவது ஆடுதா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அடியில் இருப்பவன் நான் ஒருவன்தான். நான் சொல்வதுதான் சாட்சி. வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆடுது" என்றேன்.

"எது?"

"குண்டு மூட்டு. டயர் இல்ல."

சந்தே சிரித்தது. அவள் அப்பா பட்டறையிலிருந்து வேறு மூட்டு கொண்டுவந்து மாட்டிவிட்டார். திரும்பும்போது நாற்பது மைல் வேகத்திலும் ஜீப் ஆடவில்லை. மறுநாளே சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள். "பொய் சொல்லியிருக்கலாம், சொல்லலல்லா" என்று எஸ்தர் பிறகு காரணம் சொன்னாள்.

அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் குளிராவிட்டாலும் மகள் கணக்கில் தோற்றாலும், நான் காரணம் சொல்ல வாயெடுத்தால் போதும், வீடே கோரஸாகக் கேட்கும்: "அடியில படுத்துப் பாத்தியளா?" புனேயில் பிறந்த என் பிள்ளைகளுக்குத் தமிழ் தடுமாறும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருநெல்வேலிக்காரர்கள் தோற்கும்படி சொல்வார்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில் இதையும் எழுதிவிடுகிறேன். அன்று பொய் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். "ஒண்ணும் ஆடல" என்று சொல்வதற்குள் ஒரு சொட்டு கிரீஸ் நேராக வாய்க்குள் விழுந்தது. துப்பிவிட்டுத் திரும்பினால் அம்மாவின் செருப்புகள் தெரிந்தன. இதே வண்டியில்தான் அவள் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

எஸ்தருக்குத் தமிழ் வாசிக்க வரும் என்பதை மறந்து, தாள்களை மேசைமேல் வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"துப்புன சத்தம் அன்னைக்கே மேல கேட்டுச்சு" என்றாள். "மூட்டு போயிருக்கது ஸ்டீயரிங்கப் பிடிச்ச கையிலயே தெரிஞ்சுட்டு. பெறவு உங்கள எதுக்குக் கீழ படுக்கச் சொன்னேன்னு நெனச்சிய?"

வண்டியைப் பார்க்க என்றுதான் நான் நினைத்திருந்தேன்.